குடத்துள் எழுந்த ஒலி

எம் இல்லத்தில் ஒரு பழைய மாருதி 800 வண்டி உளது. 1983ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்து, 2014ஆம் ஆண்டோடு செய்யப்படாது ஒழிந்த அவ்வகை வண்டிகளுள், பிறர் ஓட்டித் தேய்த்த ஒன்றை எம் தந்தையார் வாங்கினார். முடிச்சூர்ச் சாலையிலிருந்து குரோம்பேட்டையிலுள்ள மருத்துவமனைக்கு எம் பாட்டியாரைக் குருதித் தூய்மைக்காக வாரம் மும்முறை கொண்டுசெல்வது அவ்வண்டியே. ஆதலின் அதற்கு ஒரு நோய் வருமாயின் அந்நோய் வண்டியோடு நிற்பதன்று.

கார்த்திகைத் திங்களின் கடைசியில் அந்நோய் வந்தது. முதலில் அறிந்தவர் பாட்டியாரே. பின்னிருக்கையின் இடப்புறத்தில் அமர்வது அவர்கள் வழக்கம். "தம்பி, என் காலின் கீழே யாரோ திரிகை சுற்றுகிறாற்போல் இருக்கிறதே" என்றார்கள். தந்தையார், "சாலை அப்படி, அம்மா" என்றார். யாமும் அவ்வாறே கூறினோம். முதியோர் செவியினும் எம் செவி கூரியதென்பது அப்போது எம் துணிபு.

இரண்டு வாரம் கழிவதற்குள் அவ்வொலி அனைவர்க்கும் கேட்டது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் முணுமுணுப்பு; ஐம்பதில் வண்டின் முரலல்; அறுபதைத் தொட்டாலோ தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் ஊர்தி எம் வண்டிக்குள்ளேயே புகுந்தாற்போன்ற இரைச்சல். சாலையோரத்துக் கடை ஒன்றிற் காட்டினோம். அவர்கள் பின்சக்கரங்களின் டயர்களைத் தடவிப் பார்த்து, "ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்துள்ளன, மாற்றுக" என்றனர். மாற்றினோம். எம் தேர்வுக் கட்டணத்திற்கென வைத்திருந்த பொருள் அதிற் சென்றது. இரைச்சல் மட்டும் செல்லவில்லை. அவர்மேற் பழி சுமத்த யாம் விரும்பவில்லை. கோணித் தேய்ந்த டயரின் ஒலியும் இவ்வொலியும் உடன்பிறந்தார் போல்வன. ஆயினும் வண்டியை ஒருகால் ஓட்டிப் பார்த்திருக்கலாம் அன்றோ?

பின்னர் விடுதி நண்பர் ஒருவர் சொற்கேட்டு, கல்லூரிக்கு அணித்தாய்ச் சேலையூரிலுள்ள முதிய மேஸ்திரி ஒருவரிடம் சென்றோம். அவர் வண்டியைத் தொடாமலே, "இரவு ஒன்பதுக்கு மேல் வாருங்கள், சார்; பகலில் ஜி.எஸ்.டி. சாலையில் என் குரலே எனக்குக் கேளாது" என்றார். வெள்ளி இரவு அகரம்தென் சாலையில் அவரே வண்டியை ஓட்ட, பின்னிருக்கையில் யாம் அமர்ந்தோம். அறுபது கிலோமீட்டர் வேகத்திற் செல்லும்போதே கியரை நியூட்ரலில் தள்ளினார். எஞ்சினின் ஓசை அடங்கியது. இரைச்சலோ அடங்காது, வண்டியின் வேகம் குறையக் குறையவே தானும் குறைந்தது. எஞ்சின் குற்றமற்றது என்று அதனாற் பெறப்பட்டது. தார் பரவிய இடத்திலும் கான்கிரீட்டுத் தரையிலும் ஒலி வேறுபடவில்லை, டயராயின் வேறுபடும். அடுத்து, ஆளற்ற இடத்தில் வண்டியை மெல்ல வலமும் இடமுமாக வளைத்தோட்டினார். வலப்புறம் வளையும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின்மேற் சாயும். அவ்வேளை ஒலி மிகுந்தது. இடப்புறம் வளைய, ஏறத்தாழ மறைந்தது. "இடப்பக்கம்" என்றார். பாட்டியாரின் இருக்கையில் இருந்த யாம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாட் காலை ஜாக்கியால் வண்டியை உயர்த்தி, அதனை மட்டும் நம்பாது இரும்புத் தாங்கு ஒன்றையும் கீழே நிறுத்தினார். பின்சக்கரத்தின் தலையையும் அடியையும் பற்றி அசைக்க, மிகச் சிறிய ஆட்டம் தெரிந்தது. சக்கரத்தைக் கையாற் சுழற்றி, மற்றொரு கையைச் சுருள்வில்லின்மேல் வைக்குமாறு எம்மைப் பணித்தார். மணலை அரைப்பது போன்றதோர் நடுக்கம் விரல்களில் ஏறியது. முன்சக்கரத்திலும் வலப்பின் சக்கரத்திலும் அந்நடுக்கம் இல்லை. "பேரிங் போயிற்று, விட்டுவைத்தால் ஒருநாள் சக்கரம் இறுகும், அல்லது ஆடி ஆடிக் கழலும்" என்றார். பார்வோனின் இரதங்களில் உருளைகள் கழன்ற செய்தியை ஞாயிற்றுப் பள்ளியில் யாம் மகிழ்ந்து கேட்டதுண்டு. அன்று மகிழ்ச்சி தோன்றவில்லை.

பேரிங்கை "உருள்தாங்கி" என்று யாம் ஒருமுறை கூற, மேஸ்திரியார் தந்தையாரை இரக்கத்தோடு நோக்கினார். 1898 முதல் 1911 வரை எம் கல்லூரியில் தமிழ் கற்பித்துப் பின் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார் என்று எம்மைத் தேற்றிக்கொண்டோம். மெய்யாகவே, மாட்டுவண்டியின் சொற்கள் இங்குப் பெரும்பாலும் பொருந்துவன. குடமும் இருசும் இங்கும் உள. நட்டைக் கழலாது காக்கும் ஸ்பிலிட் பின் கடையாணியின் பேரனே. மாட்டுவண்டியில் குடம் இருசின்மேல் உராய்ந்து சுழலும். மசகிட்டும் அது தேயும். இங்கோ இரண்டு எஃகு வளையங்களுக்கிடையே குண்டுகள் உருள்கின்றன. வேல்ஸ் நாட்டுப் பிலிப் வாகன் என்பார் 1794ஆம் ஆண்டிலேயே வண்டியச்சிற்குக் குண்டுகளை அமைத்து உரிமை பெற்றார். ஆயினும் எல்லாக் குண்டுகளையும் ஓரளவாகக் கடையும் எந்திரத்தை 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்புர்ட் நகரத்து ஃபிஷர் ஆக்கிய பின்னரே இக்கருவி எங்கும் பரவலாயிற்று.

இவ்வண்டியை இழுப்பன முன்சக்கரங்கள். பின்சக்கரங்கள் வாளா உருள்வன. ஆதலின் வேலை அத்துணை அரிதன்று. சக்கரம், குடத்தின் மூடி, ஸ்பிலிட் பின், நட்டு என ஒவ்வொன்றாய்க் கழற்றி, டிரம்மை இழுத்தெடுத்தார். அதனுள் முன்னும் பின்னுமாக இரண்டு பேரிங்குகள்; இடையே ஒரு குழாய்த்துண்டு. இவற்றைத் தட்டி எடுக்கும்போது தந்தையார் அருகில் நில்லாது தெருவை நோக்கி நின்றார். உள்வளையம் அச்சோடு உராய்ந்து சுழன்றிருப்பின் அச்சும் கெட்டிருக்கும். அது கிடைக்கப் பல நாளாகலாம். திங்களன்று பாட்டியார் மருத்துவமனையில் இருத்தல் வேண்டும். மேஸ்திரியார் அச்சைத் துணியால் துடைத்து, நகத்தால் வருடி, "கோடு இல்லை, சார்" என்றார்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பாடிய உப்பு வணிகர் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர். எம் வண்டியில் சேமச் சக்கரம் உண்டு. சேம அச்சு இல்லை. தேர்வுக்காக மட்டும் படித்த அப்பாட்டை அன்று தெருவோரத்தில் நின்று மறுபடியும் எண்ணினோம்.

உட்புறத்துப் பேரிங்கின் கிரீஸ் காப்பிக் கசடு போல் இருந்தது. குண்டுகள் ஓடும் பாதையில் அம்மைத்தழும்பு போன்ற குழிகள். காரணம் மழைநீர். முடிச்சூர்ச் சாலையில் முழங்காலளவு நீர் நின்ற நாட்களில் அதனூடே வண்டி பலமுறை சென்றது. ஓடிச் சூடேறிய குடம் குளிர்ந்த நீரில் முழுக, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, தேய்ந்த சீலின் வழியே நீரை உறிஞ்சும். பின் துருப்பிடிக்கும், துரு குழியாகும், குழி ஒலியாகும்.

புதியனவற்றை வாங்கிவந்தோம். இரண்டின் விலையும் ஒரு டயரின் விலைக்குச் சிறிதும் ஒப்பாகாது. இதனை எழுதும்போதும் சினம் எழுகின்றது. பேரிங்கைப் பொருத்துங்கால் வெளிவளையத்தின்மேல் மட்டுமே தட்ட விட்டார். உள்வளையத்தில் தட்டினால் அவ்வடி குண்டுகளின் வழியே சென்று பாதையைத் தழும்பாக்கும். புதியது பொருத்திய அன்றே பழையதாகும். சீலும் ஸ்பிலிட் பின்னும் புதியனவே இட்டார். பழைய பின்னை நிமிர்த்தி இடலாமே என்று தந்தையார் கேட்டதற்கு, கையிலிருந்த அதனை இருமுறை வளைத்தார், அது முறிந்தது.

திங்கட்கிழமை பாட்டியார் தம் இடத்தில் அமர்ந்தார்கள். வண்டி தாம்பரத்தைத் தாண்டிச் சானடோரியம் வரை சென்றது. தந்தையார் கண்ணாடியில் அவர்களை நோக்கி, "இப்போது ஏதேனும் கேட்கிறதா, அம்மா?" என்றார். விடை வரவில்லை. யாம் திரும்பிப் பார்த்தோம். சன்னலிற் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள்.