எம்பி



மேடவாக்கம் என்பதோடு 'கு' சேர்ந்தால் 'மேடவாக்கத்துக்கு'. நடுவில் 'அத்து' சாரியை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் இதற்காக எழுந்து நின்றவர்கள் இப்போது சிரிக்கலாம்.

பழைய மாணவர் ஒருவரின் மகள் சமர்கந்தில் மருத்துவம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் உஸ்பெக் மொழியைப் பற்றிக் கேட்டே ஒரு மாலையைக் கழித்துவிட்டேன். (சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வீட்டில் கோபம்.)

அது துருக்கிய இனத்து மொழி. நம்மைப் போலவே உருபு பெயருக்குப் பின்னால்தான். நம் 'கு'வுக்கு அங்கே 'கா', 'இல்'லுக்குத் 'தா'. இப்படிப்பட்ட ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் இடையன்குடி கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், துருக்கியும் அடங்கிய 'சித்திய' மொழிகளோடு நம்மை உறவாக்கப் பார்த்தார். இன்றைய மொழியியலார் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. பின்னால் உருபு ஒட்டும் வழக்கம் உலகில் இன்னும் எத்தனையோ மொழிகளுக்கு உண்டு.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. 'உக்கா' என்றால் தம்பி. 'உக்காம்' என் தம்பி, 'உக்காங்' உன் தம்பி, 'உக்காசி' அவன் தம்பி. 'என்' என்பதும் சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் வேற்றுமை: 'உக்காம்கா', என் தம்பிக்கு. வீடு, புத்தகம், கை எல்லாவற்றுக்கும் இதே முறைதானாம்.

நம்மிடமும் இது இருந்தது. உறவுப் பெயர்களில் மட்டும், அதுவும் சொல்லின் தலையில். எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய். எம்பி, உம்பி, தம்பி. 'தம்' என்றால் அவருடைய. ஆக, நாம் 'என் தம்பி' என்னும்போது பழைய கணக்கில் 'என் அவருடைய தம்பி' என்றாகிறது! மூன்றில் படர்க்கைச் சொல் மட்டும் நின்றுவிட்டது. 'என்'னைத் தனக்குள்ளேயே வைத்திருந்த எம்பியைக் கம்பன் வரைக்கும் பார்க்கலாம். பேச்சில் எப்போதோ போய்விட்டது.

சென்ற வருடம் என் தம்பி போனது உங்களில் பலருக்குத் தெரியும். கடைக்குப் போனால் கூட்ரோட்டில் முன்பின் தெரியாத பையனையும் 'தம்பி, கொஞ்சம் வழிவிடுப்பா' என்கிறேன். அதே சொல்லால் அவனையும் சொல்ல மனம் வரவில்லை. முதல் நினைவு நாள் அட்டையில் அவன் பெயருக்கு மேலே 'எம்பி' என்று எழுதிக் கொடுத்தேன்.

அச்சகத்துப் பையன் படித்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றான். "எந்தத் தொகுதி சார்?"