முதலைக் கரையில் ஒரு சோலார் பாடம்

சூரிய சக்தியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் பெரும்பாலும் மொட்டை மாடிப் பேனலைத்தான் முதலில் காட்டுகிறோம். நான் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். பேனலைப் பார்த்ததும் "இதுல இருந்து கரண்ட் வரும்" என்று பிள்ளை ஒப்பித்துவிடும்; அதற்குமேல் கேள்வி எழாது. குடும்பங்களோடு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போகும் நாட்களில் என் பாடம் முதலையிடம்தான் ஆரம்பமாகும்.

மார்கழி, தை மாதக் காலை இதற்கு ரொம்பத் தோது. கரையேறிப் படுத்திருக்கும் முதலை முதுகை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு அசையாமல் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும். "செத்துப்போச்சா சார்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். "இல்லடா, வேலை செஞ்சிட்டிருக்கு" என்று சொல்லி, அதன் முதுகில் வரிசையாகப் புடைத்திருக்கும் செதில்களைக் காட்டுவேன். அவற்றுக்கு அடியில் எலும்புத் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் ஊடாக ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அங்கே சூடேறும் ரத்தம் உடம்பெல்லாம் பரவுகிறது. நாம் சாப்பாட்டைச் செலவழித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறோம். முதலைக்கு அந்தச் செலவு இல்லை. சூட்டை வெயிலிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது. பெரிய முதலை வாரக்கணக்கில் இரையில்லாமல் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெயில் ஏறியதும் அது வாயைப் பிளக்கும்போது, சின்னப் பிள்ளைகள் கடிக்கத்தான் போகிறது என்று அம்மாவின் பின்னால் ஒளிவார்கள். வாயின் ஈரம் ஆவியாகித் தலையைக் குளிர்விக்கிறது என்று சொன்னால் மெல்ல எட்டிப் பார்ப்பார்கள்.

அங்கிருந்து புள்ளிமான்களிடம் போவோம். முதலை வாங்கியது வெயிலின் சூட்டை. மான் தின்னும் புல் பிடித்துவைத்திருப்பது வெயிலின் ஒளியை. இந்த வித்தியாசம் பிள்ளையின் மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. ஒரு செடி தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய 1 சதவீதத்தைத்தான் உணவாக்குகிறது. அதைத் தின்னும் மானின் உடம்பில் சேர்வது அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. மானைத் தின்னும் புலிக்கு அதிலும் பத்தில் ஒரு பங்கு. "காட்டுல மான் நிறைய இருக்கு, புலி ஏன் கொஞ்சமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். புலிக் கூண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் யாராவது பதிலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாமே சொல்லிக் கெடுக்கக் கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பையிலிருந்து பேனலை எடுப்பேன். உள்ளங்கை அளவு பேனல், பொம்மை மோட்டார், காகிதத்தில் வெட்டிய விசிறி, அவ்வளவுதான். சூரியன் எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கவே கூடாது, கண்ணுக்குக் கேடு. அதற்கு ஒரு வழி உண்டு. பேனலின் மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழல் முழுக்க மறையும்வரை பேனலைச் சாய்க்கச் சொல்வேன். நிழல் மறைந்த இடத்தில் பேனல் சூரியனை நேருக்கு நேர் பார்க்கிறது. விசிறியும் அங்கேதான் நன்றாகச் சுற்றும்.

அடுத்து, அந்தப் பேனலில் கோடு கோடாகத் தெரியும் செல்களில் ஒன்றை மட்டும் விரலால் மூடச் சொல்வேன். வேகம் கொஞ்சம் குறையும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். விசிறி நின்றே போகும். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருப்பதால், ஒன்றில் மின்னோட்டம் தடைப்பட்டால் மற்றவையும் முடங்குகின்றன. ஒரே வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் போலத்தான். வீட்டு மாடியில் வைக்கும் பெரிய பேனல்களில் இதைச் சமாளிக்க டயோடு வைத்திருப்பார்கள். இருந்தாலும் தென்னை ஓலை நிழலும் காக்கை எச்சமும் வருமானத்தைக் குறைக்கத்தான் செய்யும். இந்த இடத்தில் பிள்ளைகளைவிட அப்பாமார்கள்தான் கூர்ந்து கேட்பார்கள்.

அவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "சித்திரை வெயில்ல கரண்ட் கொட்டும் இல்ல சார்?" ஒளி கூடினால் கரண்ட் கூடும், சூடு கூடினால் குறையும். பேனல் 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் இறங்குகிறது. கத்திரி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது பத்து சதவீதத்துக்கு மேலேயே போய்விடும். முதலைக்கு வேண்டிய சூடு பேனலுக்கு வேண்டாத சூடு. காலையில் கரையில் நின்று பார்த்த பிள்ளை இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

கணக்குப் பிடித்த பிள்ளைகளுக்கு மட்டும் இதையும் சொல்வதுண்டு: உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1,000 வாட். இன்றைய நல்ல பேனல் அதில் 200 வாட் தரும். இரண்டு சீலிங் ஃபேன் ஓட்டலாம்.

பூங்காவின் பேட்டரி வண்டியில் ஏறியதும் "இதுக்கு கரண்ட் எங்கிருந்து வருது?" என்று ஆரம்பிப்பேன். பிளக், கம்பி, மின் நிலையம், நிலக்கரி என்று பின்னோக்கிப் போவார்கள். நெய்வேலியில் தோண்டும் பழுப்பு நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்கள்தான் என்று சொன்னதும், "அப்ப அதுவும் வெயிலா?" என்று கேட்பார்கள். ஆமாம், பழைய வெயில். எரித்தால் தீர்ந்துபோகும், புகையும் மிஞ்சும்.

ராத்திரி என்ன செய்வது என்ற கேள்வியைப் பிள்ளைகள் கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுவேன். பேனலின் பெருமையை மட்டும் பேசி அனுப்புவது நியாயமில்லை. குளிர்ந்த இரவில் முதலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். பகலில் வாங்கிய சூட்டைத் தண்ணீர் காற்றைப்போல் சீக்கிரம் விட்டுவிடாது. மான் தின்றதைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்திருக்கும். பேனலில் எதையும் சேர்த்து வைக்க முடியாது. அதற்கு பேட்டரி வேண்டும், இல்லையென்றால் பகலில் மிஞ்சியதை மின் வாரியக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு இரவில் திரும்ப வாங்க வேண்டும். வீட்டில் சோலார் இருக்கும் பிள்ளைகளிடம், நெட் மீட்டரில் கொடுத்ததும் வாங்கியதும் தனித்தனியாக எவ்வளவு என்று ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் எழுதிவரச் சொல்கிறேன். சோலார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மாடியில் வற்றலோ துணியோ எந்த நேரத்தில் சீக்கிரம் காய்கிறது என்று குறித்துவந்தாலும் போதும்.