நாக வமிசமும் நம் வீடும்

சென்ற பள்ளி விடுமுறையில் நம் தமக்கையின் பேரன் போர்டிக்சனில் நம் வீட்டில் வந்து தங்கியிருந்தான். அவனும் தோழர் மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்து, பல முகங்களுள்ள பகடைகளை உருட்டி, கதை போன்றதொரு விளையாட்டு ஆடினர். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். 1974-இல் அமெரிக்காவில் தோன்றியது. ஒவ்வொருவரும் ஒரு வேடம் ஏற்க வேண்டும். நம் பேரன் ஏற்றது ‘டிராகன்பார்ன்’ என்னும், மனித உடலும் டிராகன் தலையும் உடைய குலத்து வீரன் வேடம். செந்நிற முன்னோன் வழி வந்தவன் தீயை உமிழ்வான். வெண்ணிற வழியினன் உறைபனியை உமிழ்வான். நிறத்தைக் கொண்டு குணம் கற்பிப்பது நம்மவர்க்குப் புதிதன்றே என்றெண்ணி, அதன் விதிநூல்களை வாங்கிப் புரட்டினோம்.

விந்தை யாதெனில், 2006-இல் வெளியான நூலின்படி இக்குலத்தில் எவரும் பிறப்பதில்லை. விரும்பியவர் முட்டையொன்றினுள் கிடந்து புதுப்பிறவி எடுத்துச் சேர்வர். 2008-இல் வந்த நூலிலோ அது பிறப்பால் வரும் குலமாகிவிட்டது. விரும்பி ஏற்றது பிறப்பாக மாற இரண்டே ஆண்டுகள்! நம் மூதாதையர் நாட்டில் இதற்குச் சில நூற்றாண்டுகளாவது பிடித்திருக்கும். 2014-ஆம் ஆண்டு நூலில் மிகுந்த உடல்வலி இக்குலத்தாரின் பிறவிச் சொத்து. 2024-ஆம் ஆண்டு நூல் அதனைப் பறித்து, ஒருவர் உழவராக வளர்ந்தாரா, மாலுமியாக வளர்ந்தாரா என்பதற்கு உரியதாக்கிவிட்டது. தீ உமிழ்வது மட்டும் இன்னும் பிறப்போடு நிற்கிறது.

“நம் கதைகளில் இப்படி உண்டா, தாத்தா?” என்றான் பேரன்.

மலாய் மொழியில் டிராகனுக்கு ‘நாகா’ என்றே பெயர். நாகர் கதை நம்மிடம் ஏராளம். மணிமேகலையில், சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கு நாகநாட்டுப் பீலிவளை பெற்ற மகவு கடலில் காணாமற் போகிறது. தொண்டைமான் இளந்திரையன், நாககன்னிக்குப் பிறந்து, தொண்டைக்கொடி அடையாளத்துடன் அலையில் வந்தவன் என்பது நச்சினார்க்கினியர் உரை. பல்லவரின் வேலூர்ப்பாளையம் செப்பேடோ, வீரகூர்ச்சன் நாகர்கோன் மகளோடு அரச சின்னங்களையும் பெற்றான் என்கிறது. ‘செஜாரா மெலாயு’வில் இந்திய மன்னன் ராஜா சூரன் கடலடியில் இறங்கி அங்குள்ள அரசன் மகளை மணக்கிறான். அரசர்க்கு வேற்றுக்குலத் தாய் பெருமை. ஏழைக்கு?

நிற்க. நம் அன்னை சீனக் குடும்பத்தில் பிறந்தவள். சீனர் தம்மை டிராகனின் வழித்தோன்றல்கள் என்பர். மலாயாவில் அந்நாளில் வறுமையாலும் போர்க்கால அச்சத்தாலும் சீனர் சிலர் தம் பெண்மகவைத் தோட்டத் தமிழர்க்குக் கொடுத்ததுண்டு. லுக்குட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் பாட்டி அவளை வாங்கி லயத்தில் வளர்த்தாள். அன்னை தமிழன்றி வேறு மொழி அறியாள். மாரியம்மன் திருவிழாவில் தீ மிதித்தாள். விடியுமுன் வாளி சுமந்து பால் எடுக்கப் போனாள்.

தமக்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள், காப்பியைக் குடித்து முடித்த பின்னரே அன்னையின் முகத்தை உற்று நோக்கினர். “பெண் நல்ல பெண்தான், என்ன ஜாதி இரத்தமென்று சொல்ல முடியாதே” என்று எழுந்து சென்றனர். அன்னை குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாம் வாய் திறக்கவில்லை. அதற்கும் முன்பு, பள்ளியில் நம்மைச் ‘சீனத்தி மகன்’ என்று ஏசிய பிள்ளைகளிடம், அவள் நம் தாயே அல்லள் என்று ஒருமுறை சொல்லியுமிருக்கிறோம்.

இத்தனையும் நடந்தது நெகிரி செம்பிலானில்! தோட்டத்து வேலியைத் தாண்டினால் கம்பத்து மலாய்க்காரர், ‘அடாட் பெர்பாதே’ வழக்கப்படி, தாயின் குலத்தையே பிள்ளையின் குலமாகக் கொள்வர். அவ்வழக்கத்தை நாம் அறிந்தது முதுமையில்தான்.

பேரனிடம் எதையும் மறைக்காமல் சொன்னோம், நாம் சொன்ன பொய் உட்பட. அவன் பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

“கொள்ளுப்பாட்டியின் சீனப்பெயர் என்ன, தாத்தா?”

அன்னைக்கே அது தெரியாது. பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம், எவரும் கேட்டதில்லை. பாட்டி இட்ட தமிழ்ப்பெயரைத்தான் சொல்ல முடிந்தது. அவன் தாளில் வீரனின் பெயரை அடித்துவிட்டு அதனை எழுதினான்; எழுத்துக்கூட்டல் சரிதானா என்று நம்மிடம் காட்டினான்.