வாங்குவதும் வீசுவதும்

இளங்கலைத் தமிழ் பயின்றவன், வளைகுடா நாட்டில் கலங்களுக்கு மின்னணுக் கருவி பொருத்தும் பட்டறையில் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தது எங்ஙனம் என்று வினவுவோர் உளர். தொழிற்பயிற்சியும், ஊர்க்காரர் ஒருவர் அனுப்பிய விசாவுமே காரணம் என்பதன்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஆயினும் பேரவை மலருக்குக் கட்டுரை தருமாறு தமிழ்த்துறைப் பேராசிரியர் பணித்தபோது, அத்தொழிலையும் இத்துறையையும் ஒருங்கே தொடும் ஒரு சொல் என் நினைவுக்கு வந்தது. அச்சொல் ‘அலைவாங்கி’.

வீட்டுக் கூரையின்மேல் தொலைக்காட்சிக்காக நட்டு வைத்திருந்த கம்பிக்கூட்டை அலைவாங்கி என்று அழைத்தோம். அதற்கு அது பொருந்திய பெயரே. எங்கிருந்தோ வரும் அலையை அது வாங்கிற்று. தன்னிடமிருந்து எதையும் வெளியே அனுப்பவில்லை. காகம் அமர்ந்தாலும், சிறுவன் ஏறித் திருப்பினாலும், அக்கம்பியால் எவர்க்கும் தீங்கில்லை. கலத்தின் உச்சியில் சுழலும் ரேடார்க் கருவியையும் அதே பெயரால் குறிப்பிடுவது வழக்காகிவிட்டது. ஆனால் அது முதலில் அலையை வீசுகிறது; வீசிய அலை பொருளில் பட்டு மீளும்போதுதான் அதனை வாங்குகிறது. பெயர் பாதி உண்மையை மட்டுமே கூறுகிறது. மறுபாதியை அறியாமையால், கூரைக் கம்பியைக் கையாள்வதுபோல் அதனைக் கையாள்வோரைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ரேடார் என்பதே ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன சொல். வானொலி அலையால் பொருளைக் கண்டறிந்து அதன் தொலைவை அளத்தல் என்பது அதன் பொருள். போருக்காகவே பிறந்த கருவி என்று பலர் எண்ணுகின்றனர். ஆயின் 1904ஆம் ஆண்டில் கிறிஸ்டியன் ஹூல்ஸ்மையர் என்னும் ஜெர்மானியர், கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்கவே இதன் மூதாதையான கருவியை அமைத்துக் கொலோன் நகரில் இயக்கிக் காட்டினார். அன்று அதனை ஏற்று வாங்குவாரில்லை. இரண்டாம் உலகப் போரே இதனை வளர்த்தது. போர் ஓய்ந்தபின் வணிகக் கலங்களிலும் மீன்பிடிக் கலங்களிலும் ஏறிற்று.

சிறு கலங்களில் உள்ள ரேடார் வீசும் அலையின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஒரு கடல்மைல் தொலைவிலுள்ள பொருளைத் தொட்டு மீள அதற்கு 12 மைக்ரோ நொடிக்குச் சற்றே மிகுதியாகும். மாக்னெட்ரான் என்னும் குழலே பழைய வகைக் கருவிகளில் அலையைப் பிறப்பிப்பது. சமையலறை நுண்ணலை அடுப்பிலும் அக்குழலே உள்ளது என்று சொன்னால் கலத்தினர் சற்று விலகி நிற்பர்! ஆனால் தேவைக்கு மீறி அச்சுறுத்துவதும் நேர்மையன்று. 4 கிலோவாட் ஆற்றல் என்று கருவியின்மேல் பொறித்திருப்பினும், ஒவ்வொரு வீச்சும் நொடியின் நுண்கூறே நீடிப்பதால் சராசரி ஆற்றல் இரண்டொரு வாட்டளவே. சுழலும்போது அவ்வலை ஒருவர்மேல் நிலைத்து நிற்பதுமில்லை. எனினும் சுழற்சி நின்ற நிலையில் அலை வீசிக்கொண்டிருக்க, அதன் முகத்தருகே கண்ணை வைத்து நோக்குவது வேறு செய்தி. கண்ணின் வில்லையில் இரத்தக் குழாய் இல்லை. ஏறிய வெப்பத்தை விரைவில் அகற்ற வழியின்றி அது கெடும். ஆகவேதான் ஒவ்வொரு கருவியின் கையேட்டிலும் விலகி நிற்க வேண்டிய தொலைவை அச்சிட்டுள்ளனர். மாக்னெட்ரான் இல்லாத புதிய வகைகளில் ஆற்றல் மிகக் குறைவு. அவற்றுக்கும் கையேட்டைப் படித்தே ஆகவேண்டும்.

இனி உயரம். பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் கலங்கரை விளக்கத்தைப் பாடியுள்ளதைத் தமிழ்த்துறை மாணவர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. விளக்கை உயரத்தில் ஏற்றியதும் ரேடாரை உயரத்தில் ஏற்றுவதும் ஒரே காரணம் பற்றியே: கடற்பரப்பு வளைந்துள்ளது. மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் ரேடாரின் தொடுவானம் கடல்மைலில் கிடைக்கும். 4 மீட்டர் உயரத்துக்கு 4.4 கடல்மைல், 16 மீட்டர் உயரத்துக்கு 8.8. உயரம் நான்கு மடங்கானால் பார்வை இரு மடங்கே ஆகிறது. ஆகவே உச்சிக்கு உச்சி ஏற்றவேண்டும் என்னும் பேராசை வீண். உயர உயர வேறு தொல்லைகளும் உண்டு. அலைக்கற்றையின் செங்குத்து அகலம் ஏறத்தாழ 25 பாகை என்று கொண்டால், நடுக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி 12.5 பாகையே அது விரியும். 6 மீட்டர் உயரத்தில் வைத்த கருவியின் கற்றை கலத்திலிருந்து 27 மீட்டருக்கு அப்பாலேதான் நீரைத் தொடும். அதற்குள் இருக்கும் சிறு தோணி கற்றைக்குக் கீழே ஒதுங்கிவிடும். பளுவும் அப்படியே. மூடுகூட்டுக்குள் சுழலும் சிறு கருவி சில கிலோகிராம்தான். திறந்த வெளியில் சுழலும் நீண்ட கரமுடைய கருவியோ 20 கிலோகிராமுக்கு மேல் வரும். அதனை மெலிந்த பாய்மரத்தின் நுனியில் ஏற்றினால் கலத்துக்குத் தலைக்கனம் பிடிக்கும். மனிதர்க்குப் பிடித்தால் அவர்க்கு மட்டுமே கேடு. கலத்துக்குப் பிடித்தால் அதில் உள்ளோர் அனைவர்க்கும் கேடு.

கட்ச் கரையிலிருந்து சரக்கேற்றி வந்த மரக்கலம் ஒன்றுக்கு ரேடார் பொருத்த ஒருமுறை எங்களை அழைத்தனர். அதன் தலைவரை நாகுதா என்றே அழைத்தனர். பாரசீகத்திலிருந்து வந்த அச்சொல் நம் கடற்கரை ஊர்களிலும் வழங்கியது என்று நான் கூற, அவர் மகிழ்ந்து என்னை உறவினன்போல் நடத்தினார். ஆனால் கருவியைச் சுக்கானறைக் கூரையின்மேல் நேரே பதித்துவிட வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். தனியே ஒரு கம்பம் நட்டால் செலவு. நிழலுக்குக் கட்டும் துணிக்கும் அது இடையூறு. நானோ அக்கூரையைப் பார்த்தேன். சுருட்டி வைத்த பாய்கள், தலையணைகள், ஒரு தஸ்பீஹ் மணி. கோடையிரவில் மாலுமிகள் அங்கேதான் படுத்துறங்கினர். காவற்காரரும் அங்கேதான் நின்றார். கருவியைக் கூரைமேல் பதித்தால், நிற்பவர் நெஞ்சுக்கும் அமர்ந்தவர் கண்ணுக்கும் நேராக அலை வீசும். அவர்தம் உடல்களே அலையை மறைத்துத் திரையில் குருட்டுப் பகுதியை உண்டாக்கும் என்பது பின்னதொரு கேடு.

அல்லாஹ் காப்பான், எங்கள் தவக்குல் அவன்மேல் என்றார் நாகுதா. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) கூறியதை அறியாதவர் அல்லர் அவர். அதனை நான் நினைவூட்டியபோது சிரித்தார். ஒட்டகம் கட்டும் கம்பத்துக்கு என்ன விலை என்று கேட்டார். 5 மீட்டர் தொலைவில் நிற்பவர்க்குக் கற்றையின் கீழ்விளிம்பு கருவியினின்று 1.1 மீட்டர் தாழ்ந்து வருகிறது. எனவே நிற்பவர் உச்சந்தலைக்கு மேல் அவ்வளவேனும் இடைவெளி வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் பலகையில் வரைந்து காட்டினேன். கூரையிலிருந்து 3 மீட்டர் உயரக் கம்பம் முடிவாயிற்று.

ஏறுவதைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். அலையைக் காட்டிலும் ஆளை வீழ்த்துவது உயரமும் சுழலும் கரமுமே என்பது என் கருத்து. வேறொரு மீன்பிடிக் கலத்தில், திறந்த வகைக் கருவியைப் பழுதுபார்க்க எங்கள் கூட்டத்து இளைஞர் ஒருவர் பாய்மரத்தில் ஏறியிருந்தார். கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளை. கீழே சுக்கானறையில் இருந்த கலத்து ஆள் ஒருவர், வேலை முடிந்ததோ என்று பார்க்கும் ஆவலில் விசையை அழுத்திவிட்டார். ஆறடிக் கரம் சுழன்று இளைஞரின் தோளில் அறைந்தது. இடுப்புவார் பாய்மரத்தோடு பிணைந்திருந்தமையால் அவர் விழவில்லை, தொங்கினார். “காக்கா! காக்கா!” என்று அவர் அலறிய குரல் இன்றும் என் காதில் உள்ளது. கரத்தை நிறுத்தி அவரை இறக்கியபோது தோள்மூட்டு நழுவியிருந்தது. விசையை அழுத்தியவரைக் கடிந்து பயன் என்ன? மேலே ஆள் இருப்பதை அவர்க்கு உணர்த்தும் அடையாளம் ஒன்றும் அங்கே இல்லை.

அதன்பின் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் நிலைத்தது. ஏறுபவரே மின்விசையை அணைப்பார்; தம் கையாலேயே ஃபியூஸைக் கழற்றித் தம் சட்டைப் பையில் இட்டுக்கொள்வார்; மேலே ஆள் உள்ளது என்று எழுதிய அட்டையை விசையின்மேல் தொங்கவிடுவார். அவர் இறங்கும்வரை அந்த ஃபியூஸ் வேறொருவர் கைக்குப் போகாது. விசையை அணைத்த பின்னும் கருவிக்குள் உயர் மின்னழுத்தம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். அது வடியும்வரை மூடியைத் திறப்பதில்லை. கருவியைக் கையில் ஏந்தி ஏறுவதில்லை. தனிக்கயிற்றில் தொட்டில் கட்டி மேலே இழுப்போம். இழுக்கும்போது கீழே எவரும் நிற்றலாகாது. வடத்தைப் பிடித்துக் கருவியைத் தூக்குதலும் ஆகாது. திருப்புளியும் திருகியும் நூலால் மணிக்கட்டில் பிணைந்திருக்கும். துறையில் வேறு கலம் விரைந்து கடந்தால் கீழே ஒரு சாண் ஆட்டம் மேலே ஒரு முழமாகும். ஆதலால் போக்குவரத்து மிகாத விடியற்காலையே எங்களுக்கு உகந்த நேரம். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் தொடங்கி, இரும்பு சுடுமுன் இறங்கிவிடுவோம். இடிமேகம் தென்பட்டால் அன்று வேலையில்லை.

பிறவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கையேடு குறித்த நீளத்துக்கு மேற்பட்ட மரையாணி கூட்டைத் துளைத்துவிடும். அலுமினியமும் துருவா எஃகும் உப்புநீரில் நேரே தொட்டால் அலுமினியம் அரிக்கும். இடையே காப்புப்பசை வேண்டும். வடத்தை உள்நுழையுமுன் ஒரு வளைவு தாழவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிப்போகும். மாக்னெட்ரானின் காந்தம் திசைகாட்டியை மயக்கும். விலகல் அளவைப் பார்க்காமல் அருகில் வைத்தவர் ரேடாரைப் பெற்றுத் திசையை இழப்பர்.

முகப்புக் குறி கலத்தின் முன்முனையை நேராக நோக்குகிறதா என்பதைக் கரையில் இருந்துகொண்டு முடிவுசெய்தல் இயலாது. நாகுதாவின் கலத்தைக் கடலுக்கு ஓட்டிச் சென்று, தனித்து மிதக்கும் மிதவை ஒன்றை நோக்கி முன்முனையைத் திருப்பி, திரையில் அம்மிதவை நடுக்கோட்டில் விழுகிறதா என்று பார்த்தோம். 3 பாகை விலகியிருந்தது. 6 கடல்மைல் தொலைவில் அது ஏறத்தாழ 580 மீட்டர்ப் பிழை. வரும் கப்பல் வலப்புறமா இடப்புறமா என்பதையே மாற்றிவிடும். கருவி இருந்தால் போதும் என்பார்க்கு 1956 ஜூலை 25ஆம் நாள் இரவை நான் சொல்வதுண்டு. அமெரிக்கக் கரைக்கு அப்பால் ஆந்திரியா தோரியா, ஸ்டாக்ஹோம் என்னும் இரு பெருங்கப்பல்களும் ஒன்றையொன்று ரேடாரில் கண்டன, கண்டும் மோதின, 51 பேர் மாண்டனர்.

அன்று திரையை நெடுநேரம் நோக்கியிருந்த நாகுதா ஒரு கேள்வி கேட்டார். நான் பிற கலங்களைக் காண்கிறேன். அவர்கள் என்னைக் காண்பார்களா?

அக்கேள்வியை என் தொழில் வாழ்வில் என்னிடம் கேட்டோர் மிகச் சிலரே. மரம் ரேடார் அலையைச் செம்மையாகத் திருப்பி அனுப்புவதில்லை. இயந்திரம் இரும்பாயினும் பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும். பெருங்கப்பலின் திரையில் மரக்கலம் மங்கிய புள்ளி; அலை மிகுந்தால் அலைகளின் புள்ளிகளுக்குள் அதுவும் கலந்துபோகும். நம் கரையின் வள்ளங்களுக்கும் ஃபைபர் படகுகளுக்கும் இதே நிலைதான். இரவில் வலைவிரித்துக் காத்திருப்போர் எதிரே கப்பலின் விளக்கைக் காண்பர், கப்பலோ அவர்களைக் காணாது. இதற்கு மின்சாரமே தேவைப்படாத ஓர் எளிய மாற்று உண்டு. மூன்று உலோகத் தகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கூடும் மூலையில் பட்ட அலை, எத்திசையினின்று வந்ததோ அத்திசைக்கே மீளும். அத்தகைய மூலைகள் பலவற்றைச் சேர்த்த தகட்டுக்கூண்டை உயரத்தில் கட்டினால் மரக்கலமும் திரையில் ஒளிரும். 150 டன்னுக்குட்பட்ட கலங்கள் இயலுமாயின் இதனைக் கொண்டிருக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையும் கூறுகிறது. ரேடாரின் விலையோடு ஒப்பிட, இதன் விலை ஒரு பொருட்டன்று.

ஒன்றை வாங்கி, ரேடார் அலைக்குக் குறுக்கே வாராதபடி பாய்மரத்தில் உயரக் கட்டினோம். ஏறியவர் தோள் ஆறி வேலைக்குத் திரும்பியிருந்த அந்த இளைஞரே. ஃபியூஸ் அவர் பையில் இருந்தது. சில மாதங்கள் கழித்து நாகுதா மீண்டும் வந்தார். தம் தமையனார் கலத்துக்கும் ரேடாரும் தகட்டுக்கூண்டும் வேண்டுமென்றார். கம்பம் கூரையிலிருந்து எத்தனை மீட்டர் இருக்கவேண்டும் என்பதை அவரே சொன்னார்.