ஒரே ஊர், ரெண்டு கடல்



போன மாதச் சுவரிதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவர் உலகத்தில் உள்ள அழகான கடற்கரைகளைப் பற்றி எழுதியிருந்தார். நல்லா இருந்தது. ஆனால் அதில் மணல் எப்படி, அலை எப்படி என்றுதான் இருந்தது. தண்ணீர் எத்தனை டிகிரி என்று இல்லை. நான் அதை எழுதுகிறேன். டிகிரி என்றதும் "இது பாடம்" என்று பக்கத்துத் தாளுக்குப் போய்விடாதீர்கள். எங்க வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் அந்த டிகிரியில்தான் இருக்கிறது.

நம்ம ஊருக்கு வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கரையில் இருந்து இன்னொரு கரைக்கு நடந்தே போகலாம். வடகடலைப் பொம்பளக் கடல் என்றும் தென்கடலை ஆம்பளக் கடல் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். வடகடல் குளம் மாதிரி கிடக்கும், தென்கடல் இரைந்துகொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயராம். நான் எங்க ஐயாவிடம் (அப்பாவின் அப்பா), "அப்ப கார்த்திகை மாசம் வடகடல் அந்த ஆட்டம் ஆடுதே, அது என்ன ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வாடை அடிச்சா வடக்கு பேயாடும், தெக்கு சாதுவாக் கெடக்கும். கச்சான் அடிச்சா தெக்கு பேயாடும், வடக்கு சாதுவாக் கெடக்கும். எல்லாம் காத்துதான் ஆத்தா" என்றார். ஆக ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, காற்றைப் பொறுத்துதான் எல்லாம்.

அலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்றால் சூடும் மாறுமா? இதைத் தெரிந்துகொள்ள அறிவியல் டீச்சரிடம் கேட்டு ஆய்வக வெப்பமானியை வாங்கிக்கொண்டு போனேன். உடையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியில் மொண்டு, வெப்பமானியை மூன்று நிமிடம் வாளிக்குள்ளேயே வைத்திருந்து பார்த்தேன். ரெண்டு கரையிலும் ஒரே நேரத்தில் நான் நிற்க முடியாது அல்லவா, அதனால் அடுத்தடுத்த நாள் பார்த்து எழுதினேன்.

தை மாதம்: வடகடல் 26 டிகிரி, தென்கடல் 27 டிகிரி.
சித்திரை மாதம்: வடகடல் 32 டிகிரி, தென்கடல் 30 டிகிரி.
ஆடி மாதம்: வடகடல் 30 டிகிரி, தென்கடல் 28 டிகிரி.

தை மாதத்தில் வடகடல்தான் குளிர்ச்சி. சித்திரையில் அதுதான் சூடு. வடகடல் ஆறு டிகிரி ஏறி இறங்குகிறது, தென்கடல் மூன்று டிகிரிதான். ஏன் என்று டீச்சரிடம் கேட்டேன். "உங்க வீட்ல சின்னச் சட்டியில வச்ச தண்ணி சீக்கிரம் கொதிக்குமா, அண்டாவுல வச்சது சீக்கிரம் கொதிக்குமா?" என்று கேட்டார்கள். அதுதான் பதில். பாக் விரிகுடா பெரும்பாலான இடத்தில் 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. அது சட்டி. சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். மன்னார் வளைகுடா தெற்கே போகப் போக 1000 மீட்டரையும் தாண்டும். அது அண்டா.

ஆழம் ஒரு காரணம், காற்று இன்னொரு காரணம். எங்க சித்தப்பா கொல்லத்துக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர். ஆடி மாதம் போனில் பேசும்போது, "இங்க தண்ணி சில்லுன்னு இருக்கு, மத்தி அள்ளுது" என்பார். நம் நாட்டின் ஒரு பக்கக் கரை வெதுவெதுப்பாக இருக்கும்போது இன்னொரு பக்கக் கரை எப்படிச் சில்லென்று இருக்கும்? தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரை ஓரமாக வீசும்போது, பூமி சுற்றுவதால் மேல் தண்ணீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியில் இருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. வரும்போது அடியில் கிடக்கும் சத்தையும் சேர்த்துக் கொண்டு வருகிறது. வயலுக்கு உரம் போட்ட மாதிரி. அதைத் தின்ன மிதவை உயிர்கள் பெருகும், அவற்றைத் தின்ன மத்தி வரும். சித்தப்பாவின் "சில்லுன்னு இருக்கு" என்பதும் "மத்தி அள்ளுது" என்பதும் ரெண்டு செய்தி இல்லை, ஒரே செய்தி.

இந்த மாதிரி உலகத்தில் வேறு எங்கே என்று நூலகத்தில் நிலவரைபடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் தலைநகர் லிமா 12 டிகிரி தெற்கில் மேற்குக் கரையில் இருக்கிறது. பிரேசில் நாட்டின் சால்வடோர் நகரம் 13 டிகிரி தெற்கில் கிழக்குக் கரையில் இருக்கிறது. ரெண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தான். ஆனால் சால்வடோரில் கடல் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரை, குளிக்கச் சுகமாக இருக்கும். லிமாவில் குளிர்காலத்தில் 15, 16 டிகிரிதான், பல் கிட்டிவிடும். அந்தக் குளிர் நீரோட்டத்துக்கு ஹம்போல்ட் என்று பெயர். ஜெர்மனி நாட்டு அறிஞர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் 1802-ஆம் ஆண்டில் பெருவின் கடலில் வெப்பமானியை விட்டு அளந்து பார்த்தவர்.

குளிக்க எது நல்ல கடல் என்று கேட்டால் சால்வடோர். மீனுக்கு எது நல்ல கடல் என்று கேட்டால் லிமா. அங்கே நம்ம நெத்திலியின் சொந்தக்கார மீன் மலை மலையாகப் பிடிபடுகிறது. சில வருடங்களில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தக் கடல் சூடாகிவிடும். அதற்கு அந்த ஊர் மீனவர்கள் வைத்த பெயர்தான் எல் நினோ. குழந்தை இயேசுவைக் குறிக்கும் பெயர் அது. பெயர் நல்ல பெயர், ஆனால் வந்தால் மீன் போய்விடும். 1972-73-இல் அது பலமாக வந்தது. அதற்கு முன்பே அளவுக்கு மேல் பிடித்தும் இருந்தார்கள். ரெண்டும் சேர்ந்து நெத்திலித் தொழில் அடியோடு படுத்துவிட்டது.

அதைப் படித்தபோது எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது.

எங்க அம்மா வடகடலில் பாசி வளர்க்கிறாங்க. வெளியூரில் இருந்து வரும் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் விதைப்பாசியை முடிந்து கடலில் விட வேண்டும். ஒரு மிதவைக்குச் சுமார் 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் அது மூன்று நான்கு மடங்காகும். அதில் விதைக்கு எடுத்து வைத்ததுபோக மீதியைக் காயப்போட்டால் பத்துக் கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். அதுதான் காசு.

போன வருடம் சித்திரையில் அம்மா பதினைந்து மிதவை போட்டிருந்தாங்க. ஒருநாள் மதியம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துட்டாங்க. "பாசி வெளுத்துருச்சு ஆத்தா. கையில எடுத்தா கொழகொழன்னு ஒடியுது" என்று மட்டும் சொன்னாங்க. விதைக்குக்கூட மிஞ்சவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குக் கூலிக்குப் போகும் அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். ஒரே மாதத்தில் ரெண்டு வருமானமும் நின்றுவிட்டது. அக்காவின் காலேஜ் பணத்துக்கு அம்மா தோடு அடகுக்குப் போனது. இன்னும் வரவில்லை. வடகடலில் நான் 32 டிகிரி அளந்தது இந்த வருடச் சித்திரையில். அந்தப் பாசிக்கு 30-க்கு மேல் போனாலே ஆகாது.

"தென்கடல் ரெண்டு டிகிரி கம்மியா இருக்கே, மிதவையை அங்க கொண்டுபோய்ப் போட்டா என்ன?" என்று அம்மாவிடம் கேட்டேன். "அங்க விட மாட்டாங்க" என்றாங்க. டீச்சர் காரணம் சொன்னார்கள். இந்தப் பாசி நம்ம கடலில் பிறந்தது இல்லை, பிலிப்பைன்ஸ் பக்கத்தில் இருந்து வந்தது. தென்கடலில் பவளப்பார் இருக்கிறது. பாசி பரவினால் பவளத்தை மூடிவிடும் என்று 2005-இல் அரசாணை போட்டு இந்தப் பக்கம் வளர்க்கக் கூடாது என்றார்கள். அப்படியும் 2008-இல் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் இந்தப் பாசி படர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதனால் பவளத்தைக் காப்பாற்றுபவர்களுக்கும் பாசிக்காரப் பெண்களுக்கும் ஆகாது என்று ஊரில் பேச்சு.

ஆனால் டீச்சர் இன்னொன்றும் சொன்னார்கள். பவளம் என்பது கல் இல்லை, சின்னச் சின்ன உயிர்கள். அதன் உடம்புக்குள் நுண்பாசி குடியிருந்து சோறும் போடுகிறது, நிறமும் கொடுக்கிறது. தண்ணீர் சில வாரம் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பவளம் வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் செத்துப்போகும். நம்ம தென்கடலில் 2010-இலும் 2016-இலும் அப்படித்தான் நிறைய வெளுத்தது.

இதை நான் அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாங்க. அப்புறம், "அப்ப அதுக்கும் நம்ம பாசிக்கும் ஒரே சீக்குதான்" என்றாங்க.

எனக்கும் அதுதான் தோன்றுகிறது. வடக்கே பாசி வெளுக்கிறது, தெற்கே பவளம் வெளுக்கிறது. சண்டை போடுகிற ரெண்டு பக்கத்தையும் ஒரே சூடுதான் கொல்கிறது. ஒரு டிகிரி என்பது நம் உடம்புக்குக் காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்க்கிறோம், டாக்டரிடம் ஓடுகிறோம். கடலை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்?

ஆகவே தலைமையாசிரியர் அவர்களுக்கும் உங்கள் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளியில் வடகரைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தென்கரைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காலையில் கரைப்பக்கம் போகிறவர்கள் கரைக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டு அளந்து வரலாம். கரும்பலகையில் திருக்குறள், இன்றைய செய்தி எழுதுகிறோம். அதற்குக் கீழே "வடகடல் இத்தனை, தென்கடல் இத்தனை" என்று ரெண்டே எண் எழுதினால் போதும். பங்குனியிலேயே 30-ஐத் தொட்டுவிட்டது என்று தெரிந்தால் பாசி முற்றும் முன்பே அறுத்து, விதையையாவது காப்பாற்றலாம் என்று அம்மா சொல்றாங்க. ரெண்டு வெப்பமானி வேண்டும். ஒன்றுக்கு எங்கள் வகுப்பில் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டோம்.

வடகரையில் முதல் வாரம் என் முறை. தென்கரைக்கு யார் வருகிறீர்கள்? பெயரை இந்தத் தாளின் அடியில் பென்சிலால் எழுதுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி

உங்களுக்குத் தெரியுமா?
* நம்ம ஊர்ப் பெண்கள் வளர்க்கும் பாசியில் இருந்து எடுக்கும் பொருள் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது.
* மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சேர்ந்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதில் ரெண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில்.
* ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் கடலின் சூட்டைப் பார்த்து, மீன் எங்கே கூடும் என்று மீனவர்களுக்குச் சொல்கிறது.