கிராண்ட் கேன்யன் கரையில் என் டம்ளர் செய்த வேலை

மேஜை டிராயரைப் போல வெளியே நீளுகிற ஓர் அறையை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். பார்த்ததோடு நில்லாமல், ஒரே ஒரு காபி டம்ளரால் அதைக் கோணலாக்கியும் விட்டேன்!

2023-ம் வருஷம் மே மாதம். அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை புதிதாக ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தார். ஆமாம், அவருக்குப் புதிது, வண்டிக்கு வயசு பன்னிரண்டு! கேம்பர் டிரெய்லர் என்கிறார்கள். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீடு அது. அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. சோபாவும் சாப்பாட்டு மேஜையும் இருக்கிற பக்கத்துச் சுவர்தான் அதிசயம். வண்டி ஓடும்போது அது உள்ளே ஒடுங்கியிருக்கும். நிறுத்திய பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால், தரையும் கூரையுமாக அந்தப் பகுதி அப்படியே இரண்டரை அடி வெளியே நகரும். நடுவில் குழந்தை ஓடியாட இடம் கிடைத்துவிடும். இதற்கு ‘ஸ்லைடு-அவுட்’ என்று பெயர்.

இந்த வீட்டை இழுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யனுக்குக் கிளம்பினோம். சுமார் 370 கிலோமீட்டர். ஃபீனிக்ஸ் இருப்பது ஏறக்குறைய 1,100 அடி உயரத்தில். பள்ளத்தாக்கின் தெற்குக் கரையோ 7,000 அடி. காது அடைத்தது. ஜன்னலுக்கு வெளியே கள்ளிச்செடிகள் மறைந்து பைன் மரங்கள் வந்தன. காலையில் விசிறிக்கு ஏங்கிய நாங்கள், ராத்திரி கம்பளி தேடினோம்.

பள்ளத்தாக்கைப் பற்றி என்ன எழுத! 446 கிலோமீட்டர் நீளம், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம் என்று கணக்குச் சொல்லலாம். 1919-ல் தேசியப் பூங்காவாக்கிக் காப்பாற்றி வருகிறார்கள். கொலராடோ நதி அடியில் ஒரு நூலாகத் தெரிகிறது. இத்தனையையும் அறுத்தது அந்த நூல்தான் என்றால் நம்ப முடியவில்லை. சாயங்கால வெயிலில் பாறை அடுக்குகள் செங்கல் நிறம், மஞ்சள், ஊதா என்று மாறிக்கொண்டே இருந்தன. வண்டிகள் நிறுத்துகிற ‘டிரெய்லர் வில்லேஜ்’ பகுதியில், மாட்டை விடப் பெரிய எல்க் மான்கள் சாவகாசமாக நடந்து போயின. பேரன், “பாட்டி, மான் நம்ம வீட்டைப் பார்க்குது!” என்று கைகொட்டினான்.

மூன்றாம் நாள் காலை கிளம்ப வேண்டும். வானம் கறுத்திருந்தது. மறுநாள் மாப்பிள்ளைக்கு ஆபீஸ். அவசர அவசரமாக மூட்டை கட்டினோம். நான் காபி குடித்த எவர்சில்வர் டம்ளரை சோபா ஓரமாகத் தரையில் வைத்தேன். வைத்தது மறந்துபோச்சு.

மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். அறை உள்ளே நகர்ந்தது. ‘கடக்’ என்றது. ஒரு முனை நின்றது, மறுமுனை மட்டும் வந்துகொண்டே இருந்தது. உள்பக்க மரச்சட்டம் பிளந்தது. சுவர் கோணிக்கொண்டு நின்றது.

“ஒண்ணுமில்லை அத்தை, இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கிறேன்” என்றார் மாப்பிள்ளை.

“வேண்டாம், நிறுத்து!” என்று வெளியிலிருந்து ஒரு குரல். பக்கத்து வண்டியில் தங்கியிருந்த அம்மாள். எழுபது வயசு இருக்கும். நெற்றியில் கட்டிய டார்ச்சும் கையில் கருவிப் பெட்டியுமாக வந்தார். “முதலில் குழந்தையை வெளியே கூட்டிப் போங்கள்” என்றார். பிறகு சேலைத் தலைப்பைச் செருகுகிற வேகத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். அறையைத் தாங்க அடியில் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள். அவற்றைப் பல்சக்கரங்கள் நகர்த்துகின்றன. இரண்டும் சேர்ந்து நகர, நடுவில் ஒரு தண்டு. அந்தத் தண்டின் இணைப்பில் ஒரு சின்ன போல்ட். என் டம்ளர் அறையின் விளிம்புக்கு அடியில் சிக்கியதும் அந்த போல்ட் முறிந்துவிட்டது. அதனால்தான் ஒரு பக்கம் நின்றது, மறுபக்கம் ஓடியது.

“கெட்டியான போல்ட் போட்டிருந்தால் முறிந்திருக்காதே?” என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன்.

அந்த அம்மாள் சிரித்தார். “அது முறிவதற்காகவே வைத்தது. அது முறியாவிட்டால் பல்சக்கரம் உடையும், தண்டவாளம் வளையும். அதே அளவில், அதே தரத்தில்தான் மாற்ற வேண்டும்.”

எனக்கு சட்டென்று நம் பிரஷர் குக்கர் நினைவு வந்தது. சேப்டி வால்வு உருகிப் போனால் எரிச்சலாக வருமே தவிர, குக்கர் வெடிக்காமல் காப்பாற்றியது அதுதானே! அந்த ஓட்டையில் வேறெதையாவது வைத்து அடைப்போமா?

ஓடிய முனையை மோட்டாரால் மெல்ல வெளியே தள்ளினார்கள். சிக்கிய முனையைக் கையால் தள்ளி, நசுங்கிய டம்ளரை எடுத்தார்கள். இரு முனைகளும் ஒரே அளவு நீண்டிருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து, அதன் பிறகே புது போல்ட் மாட்டினார்கள். ஒரு மூலை மட்டும் கொஞ்சம் தூக்கியிருந்தது. தண்டவாளத்தின் பிடி போல்ட்டுகளைத் தளர்த்தி, ஸ்பானரால் கால் சுற்று, கால் சுற்றாகச் சரி செய்தார்கள். நாலு அங்குலம் உள்ளே, நிறுத்து, பார். மறுபடி வெளியே, பார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

கடைசியில் ஒரு பரீட்சை. ரப்பர் விளிம்புக்கு நடுவே ஒரு டாலர் நோட்டை வைத்து அறையை மூடினார். இழுத்தால் பிடிப்பாக இருக்க வேண்டும். கீழ் மூலையில் நோட்டு சுலபமாக வழுக்கி வந்தது. “நோட்டு வழுக்கினால் மழைத் தண்ணீரும் வழுக்கும். தரைப் பலகை ஊறி உளுத்துப்போகும்” என்று இன்னொரு கால் சுற்றுத் திருகினார். பிறகு நோட்டு அசையவில்லை.

அதுவரை எனக்கு வண்டிக் கவலைதான். கை கழுவும்போதுதான் நெஞ்சு திடுக்கென்றது. டம்ளர் இருந்த இடத்தில், ஐந்து நிமிஷத்துக்கு முன்பு பேரன் குப்புறப் படுத்துக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். டம்ளருக்குப் பதில் அவன் விரலாக இருந்திருந்தால்? மகளிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வண்டியில் ஒரு சட்டம். பொத்தானை அழுத்துமுன் ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் குனிந்து தரையைப் பார்த்து “சரி” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இப்படிப் பிரயாணம் போனால் நீங்களும் சொல்லி வையுங்கள். அறையை நீட்டுமுன் ரசமட்டம் வைத்து வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்கட்டும். பாட்டரியில் முழு சார்ஜ் இருக்கட்டும். மின்சாரம் குறைந்தால் மோட்டார் திணறும். தண்டவாளத்துக்குப் பிசுக்கான கிரீஸ் வேண்டாம், மண் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த சிலிக்கான் ஸ்பிரே போதும். வித்தியாசமாகச் சத்தம் கேட்டால், கை உடனே பொத்தானை விட வேண்டும்.

கிளம்புகையில் அந்த அம்மாளுக்குப் பணம் நீட்டினோம், வாங்கவில்லை. சுடச்சுட ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தேன். இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேர்ந்து, அந்தக் கீழ் மூலையைக் கையால் தடவிப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை.

நசுங்கிய டம்ளரை ஊருக்கே எடுத்து வந்துவிட்டேன். அடுப்பங்கரை ஜன்னலில் இருக்கிறது. “பழைய பாத்திரக்காரனுக்குப் போடறதுதானே?” என்கிறார் இவர். மனசு வரவில்லை. விரலுக்குப் பதில் நசுங்கிய டம்ளர் அல்லவா!