முதுமலைக்கு இரண்டு நாள்: காரைக் கிளப்பும் முன்பே முடிவாகும் காட்டுப் பயணம்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் குடும்பங்களுக்குச் சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் முதலில் நினைவுக்கு வருவது ஊட்டி. ‘பிள்ளைகளுக்கு யானையைக் காட்டில் வைத்துக் காட்ட வேண்டும்’ என்று ஆசைப்படுபவர்கள் ஊட்டியையும் தாண்டி, மலையின் மறுபக்கம் இறங்கி முதுமலைக்குப் போகிறார்கள். சொந்தக் கார் அல்லது வாடகை கார், ஓர் இரவுத் தங்கல், ஒரு சஃபாரி. பார்க்க மிகச் சின்னத் திட்டம்.

அந்தச் சின்னத் திட்டத்துக்குள் மூன்று பெரிய முடிவுகள் இருக்கின்றன. எந்த வழியில் போவது, எங்கே தங்குவது, யாருடைய வண்டியில் காட்டுக்குள் நுழைவது. இவற்றைச் சரியாக எடுத்துவிட்டால், புலி கண்ணில் படாமல் போனாலும் பயணம் நிறைவாக இருக்கும். தவறாக எடுத்தால் கெடுதல் காட்டுக்கு. சில நேரம் போனவர்களுக்கும்தான்.

மூன்று மாநிலங்களின் மூலை

தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது முதுமலை. 1940-ல் வனவிலங்கு சரணாலயமாகத் தொடங்கிய இந்தக் காடு, 2007-ல் புலிகள் காப்பகமானது. இதன் உள்பகுதி மட்டும் சுமார் 321 சதுர கிலோமீட்டர். மோயாறு நதிக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பண்டிப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு. வரைபடத்தில் மூன்று பெயர்கள் இருந்தாலும் யானைக்கும் புலிக்கும் எல்லாம் ஒரே காடுதான். 1986-ல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் நடுப்பகுதி இது.

இந்தக் காட்டின் குறுக்கே ஊட்டி - மைசூரு நெடுஞ்சாலை ஓடுகிறது. டிக்கெட் வாங்காமலேயே காரில் போகிறவர்கள் மானையும் யானையையும் பார்க்க முடிவதற்குக் காரணம் இந்தச் சாலைதான். இங்கே பல சிக்கல்கள் தொடங்குவதும் இதே சாலையில்தான்.

முதல் முடிவு: வழி

கோவையிலிருந்து ஊட்டி சுமார் 85 கிலோமீட்டர். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போக்குவரத்தை ஒருவழியாக மாற்றுவது வழக்கம். ஊட்டியிலிருந்து முதுமலைக்கு இரண்டு பாதைகள். நடுவட்டம், கூடலூர் வழியாகப் போனால் தெப்பக்காட்டுக்கு எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் ஏறக்குறைய அதில் பாதி தூரத்தில் மசினகுடி.

கூகுள் மேப் குறுக்கு வழியைத்தான் காட்டும். அதை நம்பித் திரும்பிவிடக் கூடாது. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். மலைப்பாதைக்குப் பழகாத டிரைவர்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியே இறங்கத் தடை இருக்கிறது. மசினகுடியிலிருந்து மேலே ஏறுவதற்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆகவே போகும்போது கூடலூர், திரும்பும்போது கல்லட்டி என்று வைத்துக்கொண்டால் இரண்டு பாதைகளையும் பார்த்தாற்போல் ஆகும்.

நீலகிரிக்குள் நுழைய வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இந்த நடைமுறை. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். விடுதிக்குப் பணம் கட்டும் முன்பே இ-பாஸ் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் கேரி பேக்குக்கும் மாவட்டத்தில் தடை. செக்போஸ்டில் சோதனை உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்களை எடுத்துக்கொண்டால், வழியில் இருக்கும் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

வாடகை கார் என்றால் இன்னும் சில விஷயங்களை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். டிரைவருக்கு மலை ஓட்டிய அனுபவம் உண்டா? பேட்டா எவ்வளவு, மலைப்பாதைக்குத் தனிக் கட்டணமா? டிரைவர் இரவு எங்கே படுப்பார்? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. காருக்குள் சுருண்டு கிடந்து அரைத் தூக்கம் தூங்கிய டிரைவரை வைத்துக்கொண்டு மறுநாள் 36 வளைவுகள் ஏறுவது புத்திசாலித்தனம் அல்ல. டிரைவருக்கும் ஒரு படுக்கை தரும் விடுதியாகப் பார்க்கலாம். மைசூரு பக்கம் போகும் எண்ணம் இருந்தால் வண்டிக்குக் கர்நாடக பர்மிட் உண்டா என்றும் கேட்டுவிட வேண்டும்.

இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை முதுமலை - பண்டிப்பூர் சாலை மூடப்படும். இருட்டில் வேகமாக வரும் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்க 2009-ல் பண்டிப்பூரில் வந்த தடை இது. ‘எட்டேமுக்காலுக்குள் தாண்டிவிடலாம்’ என்று விரட்டி ஓட்டுவதைவிட, மாலை ஆறு மணிக்குள் அறைக்குப் போய்ச் சேரும்படி திட்டமிடுவதே எல்லாருக்கும் நல்லது.

இரண்டாவது முடிவு: தங்கும் இடம்

மசினகுடியைச் சுற்றி மாவனல்லா, பொக்காபுரம், வாழைத்தோட்டம் என்று சிற்றூர்கள். இவை இருக்கும் சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் பாதை. அந்தப் பாதையிலேயே விடுதிகள் முளைத்தன, மின்வேலிகள் வந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018-ல் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. யானை வழித்தடம் பற்றிய அரசின் அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், அந்த வேதனையான சம்பவம் நடந்தது. ஏற்கெனவே காயத்தோடு சுற்றிக்கொண்டிருந்த ஆண் யானை ஒன்று மாவனல்லாவில் ஒரு தங்கும் விடுதியின் அருகே வந்தது. அதை விரட்டுவதற்காக எரியும் டயரை அதன் தலை மீது வீசினார்கள். காது கருகிய அந்த யானையைச் சிகிச்சைக்காக லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, வழியிலேயே இறந்தது. துதிக்கையைப் பிடித்துக்கொண்டு வனத்துறை ஊழியர் ஒருவர் அழுத வீடியோவை நாடே பார்த்தது. அதன் பிறகு அந்தப் பகுதியில் உரிமம் இல்லாத விடுதிகள் பல மூடப்பட்டன.

அறை தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘பால்கனியிலிருந்தே யானை பார்க்கலாம்’, ‘இரவில் கேம்ப் ஃபயர், மியூசிக்’, ‘நைட் சஃபாரி உண்டு’ என்று விளம்பரம் செய்யும் இடங்களைத் தவிர்ப்பது நல்லது. உரிமம் உள்ளதா என்று போனிலேயே கேட்கலாம்; ஒழுங்காக நடத்துபவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம், மசினகுடியில் வனத்துறையின் ஓய்வில்லங்களும் உண்டு. ஆடம்பரம் இருக்காது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே புள்ளிமான் மேயும்.

மூன்றாவது முடிவு: யாருடைய வண்டி

சொந்த வண்டி காட்டின் வாசல் வரைதான். உள்ளே போக வனத்துறையின் வேனிலோ ஜீப்பிலோதான் ஏற வேண்டும். தெப்பக்காடு வரவேற்பு மையத்திலிருந்து காலையிலும் மாலையிலும் சஃபாரி கிளம்புகிறது. காப்பகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் வேன் வசதி. ஆறேழு பேர் கொண்ட குடும்பம் தனியாகப் போக விரும்பினால் ஜீப்.

‘டிக்கெட் தீர்ந்துபோச்சா? நம்ம ஜீப்ல வாங்க சார், ராத்திரியில உள்ளே கூட்டிட்டுப் போறேன்’ என்று மசினகுடித் தெருவில் யாராவது அழைத்தால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இரவில் காட்டுக்குள் போவது வனச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் வண்டி ஓட்டியவரோடு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வனத்துறை வண்டியின் பெரிய லாபம், கூட வருபவரின் காதும் கண்ணும். ஓட்டுநர்களிலும் வழிகாட்டிகளிலும் இந்தக் காட்டிலேயே வளர்ந்த பழங்குடியினர் உண்டு. திடீரென்று இன்ஜினை நிறுத்திவிட்டு ‘உஸ்’ என்பார். மந்திக் குரங்கு உச்சிக் கிளையிலிருந்து இருமுவதுபோல் கத்தும். கீழே புள்ளிமான் காலைத் தரையில் தட்டிக் கூவும். புலியோ சிறுத்தையோ செந்நாயோ அருகில் நடமாடுகிறது என்று அர்த்தம். மந்தி உதிர்க்கும் இலையும் காயும் மானுக்குத் தீனி. மேலேயிருந்து எதிரியைப் பார்ப்பதில் மந்திதான் காவல்காரன். இந்தக் கூட்டணியைப் புரிந்துகொண்ட பிள்ளைகள், புலி தெரியாவிட்டாலும் ‘எங்கே எங்கே’ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

ஒரு மணி நேர சஃபாரியில் புலியைப் பார்ப்பது அதிர்ஷ்டம்தான். அதைக் கிளம்பும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். காட்டுமாடு, கடமான், மரம் விட்டு மரம் தாவும் பெரிய அணில், மயில், யானைக் கூட்டம் என்று பார்க்க நிறையவே இருக்கிறது. வானத்தில் வட்டமிடும் பாறு கழுகு தென்பட்டால் அதுவே அரிய காட்சி. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே இந்தக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தென்னிந்தியாவில் மிச்சமிருக்கும் பாறு கழுகுகளின் முக்கியப் புகலிடம் மோயாற்றுப் பள்ளத்தாக்கு.

முகாமில் ஒரு மணி நேரம்

சஃபாரி முடிந்ததும் பக்கத்திலேயே தெப்பக்காடு யானைகள் முகாம். காலையும் மாலையும் யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். ராகி, கொள்ளு, அரிசி வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய பெரிய உருண்டைகளாகப் பாகன்கள் ஊட்டுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சலிக்காது. 2023-ல் ஆஸ்கர் வென்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படத்தில் வந்த பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற குட்டியை வளர்த்தது இந்த முகாமில்தான். அவர்களைத் தேடிப்போய் செல்ஃபி கேட்பதைவிட, தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழும் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், மலசர் குடும்பங்களின் உழைப்பைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது மேல்.

சாலையில் யானை நின்றால்

நெடுஞ்சாலையில் காரை நிறுத்துவதும், இறங்குவதும், குரங்குக்குச் சிப்ஸ் போடுவதும் கூடாது. 2025 ஆகஸ்டில் பண்டிப்பூர் சாலையில் யானையோடு செல்ஃபி எடுக்க இறங்கிய ஒருவரை அது துரத்தி, கீழே தள்ளி மிதித்தது. உயிர் பிழைத்தார், பிறகு அபராதமும் கட்டினார்.

எதிரே யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டை அடித்து அணைக்க வேண்டாம். இன்ஜின் ஓடட்டும், கண்ணாடிகள் ஏற்றியிருக்கட்டும். காதை விரித்துத் தலையை உயர்த்தினால் அதற்குப் பிடிக்கவில்லை என்று பொருள். மெதுவாகப் பின்னால் எடுத்துவிடலாம். குட்டி நடுவில் இருந்தால் இன்னும் அதிக இடைவெளி. பெரும்பாலும் சில நிமிடங்களில் அதுவே வழிவிடும்.

எப்போது, எப்படி

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர்ந்து காடு வெறிச்சோடும். தண்ணீர் தேடி விலங்குகள் வருவதால் எளிதில் தெரியும். ஆனால் காட்டுத்தீ அபாயத்தால் சஃபாரியைத் திடீரென்று நிறுத்தவும் செய்வார்கள். ஜூனுக்குப் பிறகு மழை. அக்டோபர், நவம்பரில் காடு பச்சையாக இருக்கும், கூட்டமும் குறைவு.

முதல் நாள் காலை 5 மணிக்குக் கோவையில் கிளம்பினால், ஊட்டியில் டிபன் சாப்பிட்டுவிட்டு, கூடலூர் வழியாக மதியத்துக்குள் தெப்பக்காடு. மாலை சஃபாரி, இருட்டும் முன் அறை. மறுநாள் காலை, முதல் நாள் விட்டுப்போன யானை முகாம். பிறகு கல்லட்டி ஏறி, ஊட்டியில் மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. இதற்குள் இன்னும் நாலு இடங்களைத் திணித்தால் காருக்குள்தான் பொழுது போகும். உடுப்பில் காக்கி, பச்சை, பழுப்பு போதும், சென்ட் வேண்டாம். ஒரு பைனாகுலர் இருந்தால் நாலு பேரும் மாறி மாறிப் பார்க்கலாம்.

சஃபாரி ரத்தானால்கூட பிள்ளைகளுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. தீ பிடிக்கும் காலத்தில் காட்டைத் தொந்தரவு செய்யாமல் விட்டார்கள், அதனால்தான் கேட் மூடியிருக்கிறது என்று சொல்லலாம். அடுத்த முறை வர அந்தக் காடு அங்கே இருக்க வேண்டும் அல்லவா?